வட்டம் விழாத தட்டு

அத்தியாயம் 6

"இலையை மாத்திப்போட்டேன்னு சொன்னது ஆருங்க? அந்தாளை இங்க கூட்டிட்டு வாங்க. நான் கேட்டுக்கறேன்."

மாரப்பன் கையிலிருந்த அரிவாளைக் கீழே வைக்காமலே கேட்டார். கேள்வி மரியாதையாகத்தான் இருந்தது. அரிவாளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. சோணைமுத்து இரண்டடி பின்வாங்கி, தரணியின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

"ஆரும் சொல்லலீங்க. நாங்களாத்தான் பாக்க வந்தோம்" என்றாள் தரணி.

"பாருங்க. நல்லாப் பாருங்க."

பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? கொமரலிங்கத்தில் வாய்க்காலை ஒட்டிய அரை ஏக்கர் முழுக்க வண்டுகொல்லிச் செடி ஆள் உயரத்துக்கு நின்றது. சீமை அகத்தி என்றும் சொல்வார்கள். படர்தாமரைக்கு அந்த இலையை அரைத்துப் பூசுவது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். ஆனி மாதம் பறித்த கிளையில் வெட்டுத் தழும்பு இருந்தது. அதே கிளையில்தான் நேற்றும் பறித்திருந்தார்கள். செடி மாறவில்லை, இலை மாறவில்லை, பறிக்கும் ஆளும் மாறவில்லை. மூன்று நாளாகத் தரணி கட்டிக்காத்து வந்த ஒரே துப்பு, காலை பதினொன்றரை மணி வெயிலில் செத்து விழுந்தது.

"அக்கா, எறும்பு ஏறுது. போவமா?" என்றான் சோணைமுத்து.

"இருங்க சோணை." தரணி மாரப்பனிடம் திரும்பினாள். "உங்களுக்கு இதைப் போட்டிருக்கீங்களா?"

"போடாம? தண்ணி கட்டறவனுக்குப் படர்தாமரை வராம இருக்குமுங்களா? தெனமும் அரைச்சுப் போடோணும். ஒரு மாசத்துல அமரும்."

"இந்த இலையில சாறு எடுக்கற கம்பெனியில நாலு நாள்ல சரியாகும்னு சொல்றாங்களே?"

மாரப்பன் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். "நாலு நாள்லயா? அப்ப அது என்ற செடி இல்லீங்க."

அவர் சொன்னதை வண்டியில் ஏறும்வரைதான் தரணி நினைவில் வைத்திருந்தாள். தன் சரக்கை யாராவது புகழ்ந்தால் சந்தேகப்படும் விவசாயியை அவள் அதுவரை பார்த்ததில்லை என்பதோடு சரி.

விவகாரம் இதுதான். திருப்பூரில் கதிர்வேல் என்பவருக்கு ஏற்றுமதி பனியன் கம்பெனி இருந்தது. நூற்றுக்கணக்கான பேர் நாள் முழுக்க வேர்வையில் ஊறி வேலை செய்யும் இடம். பாதிப் பேருக்கு இடுப்பிலும் தொடையிலும் படர்தாமரை. மெடிக்கலில் கேட்டு வாங்கும் களிம்பு இரண்டு வாரம் அடக்கி வைக்கும். பிறகு இரண்டு மடங்காகத் திரும்பி வரும். இதற்கு இலையிலிருந்து ஒரு மருந்து எடுத்தால் ஊரே வாங்கும் என்று கதிர்வேலுக்குத் தோன்றியது. கம்பெனிக்குப் பின்னால் சின்னதாக ஓர் ஆய்வுக்கூடம் கட்டினார். தாராபுரத்துக்காரரான டேனியல் என்ற விஞ்ஞானியை வேலைக்கு வைத்தார்.

டேனியல் இலையை ஸ்பிரிட்டில் ஊறவைத்துச் சாறு எடுத்தார். கண்ணாடித் தட்டில் படர்தாமரைப் பூஞ்சையை வளர்த்து, நடுவில் சாற்றை ஒரு சொட்டு வைப்பார்கள். மருந்து வேலை செய்தால் சொட்டைச் சுற்றிப் பூஞ்சை வளராமல் சுத்தமாக ஒரு வட்டம் விழும். முதல் மூன்று தடவை எடுத்த சாற்றில் டீ டம்ளரின் வாய் அளவுக்கு வட்டம் விழுந்தது. கோயமுத்தூரில் ஒரு மருந்து கம்பெனி கேள்விப்பட்டு, நேரில் பார்க்க வருவதாகவும் அதுவரை குறிப்பேட்டின் பக்கங்களை அன்றன்றே அனுப்ப வேண்டும் என்றும் சொன்னது. அதற்குப் பிறகு நான்கு தடவை சாறு எடுத்தார்கள். ஒன்றில்கூட வட்டம் என்று சொல்லும்படி எதுவும் விழவில்லை.

அதே இலை, அதே ஸ்பிரிட், அதே ஆட்கள். அப்படியானால் யாரோ நல்ல சாற்றை எடுத்து வெளியே கொடுத்துவிட்டு, குடுவையில் வேறு எதையோ ஊற்றி வைக்கிறார்கள். அந்த யாரோவுக்குக் கதிர்வேல் பெயரும் வைத்துவிட்டார்: கவிப்பிரியா. ஆய்வுக்கூட உதவியாளர், வயது இருபத்து மூன்று. ஒரு குப்பியைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு அவள் வெளியே போவது கேமராவில் பதிவாகியிருந்தது.

வேலையில் சேரும்போது வாங்கி வைத்த அவளுடைய அசல் சான்றிதழ்கள் கதிர்வேலின் பீரோவில் இருந்தன. அடுத்த வெள்ளிக்கிழமை கோயமுத்தூரில் அவளுக்கு ஆராய்ச்சிப் படிப்புக்கான நேர்காணல். அசல் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். போலீஸ் புகாரை டைப் அடித்துத் தயாராக வைத்திருந்தார் கதிர்வேல். செவ்வாய்க்கிழமைக்குள் தரணி வேறு பெயர் சொன்னால் சரி, இல்லாவிட்டால் அது ஸ்டேஷனுக்குப் போகும். இன்று வியாழன்.

உடுமலை ரோட்டில் பாலம் வேலை என்று தாராபுரம் வழியாகச் சுற்றி வந்தார்கள். பழைய ஆம்னி வேன். ஏசி என்ற பொத்தான் மட்டும் இருந்தது.

"நம்ம துப்பறியும் ஏஜென்சிக்கு மாப்பிள்ளை குடிப்பாரா, பொண்ணு யாரையும் லவ் பண்ணுச்சான்னு விசாரிக்கிற வேலை எம்புட்டு நிம்மதி" என்றான் சோணைமுத்து. உசிலம்பட்டிக்காரன். பனியன் கம்பெனி வேன் ஓட்ட வந்து, அங்கே சலித்துப்போய்த் தரணியிடம் சேர்ந்தவன். "அதுல குற்றவாளி பேசுவான். இங்க குற்றவாளி பூஞ்சைக்கா. வாயே இல்ல."

"உங்களுக்கு இருக்கறது போதாதுங்களா சோணை?"

"திட்டுறப்பகூட 'ங்க' போட்டுத் திட்டுறது இந்த ஊர்லதான். எங்கூர்ல அடிச்சே முடிச்சிருப்பாய்ங்க."

கைப்பேசி ஒலித்தது. கதிர்வேல்.

"ஏனுங்க, ஏதாச்சும் கெடைச்சுதுங்களா?"

"இலையிலே தப்பில்லீங்க."

"அப்ப புள்ளைதானுங்க. நான்தான் மொதல்லயே சொன்னேனுங்களே." குரலில் கோபமே இல்லை. அதுதான் தரணிக்கு எரிச்சலாக இருந்தது. "சின்னப் புள்ளை வாழ்க்கைன்னுதான் உங்களைக் கூப்புட்டேன். செவ்வாய்க்கெழமை வரைக்கும் பொறுக்கறேனுங்க."

அழைப்பு முடிந்தபின்னும் தரணி கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மூன்று நாள், நானூறு கிலோமீட்டர். போட்டிக் கம்பெனிகளில் கேட்டாயிற்று. நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டாயிற்று. நல்ல சாற்றை வாங்கிய ஆள் ஒருவன்கூட இல்லை. திருடப்பட்ட பொருள் எங்கேயாவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டுமே!

"நேரா ஆய்வுக்கூடத்துக்கு விடுங்க" என்றாள். "அந்தப் புள்ளை என் கண்ணு முன்னாடி ஒருக்கா சாறு எடுக்கட்டும். ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும்."

"சமையல் போட்டியா?"

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

*

ஆய்வுக்கூடம் பத்துக்குப் பதினைந்து அடி. சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின்களின் இரைச்சல். டேனியல் ஒல்லியான மனிதர். கவிப்பிரியா நிற்கும் திசையைத் தவிர மற்ற எல்லாத் திசையையும் பார்த்தார்.

கவிப்பிரியா இலையை நிறுத்தாள், அரைத்தாள், ஏற்கெனவே ஊறிக்கொண்டிருந்த ஜாடியை எடுத்து வைத்தாள். அவள் செய்வதை டேனியலின் குறிப்பேட்டோடு வரி வரியாக ஒப்பிட்டுக்கொண்டே வந்தாள் தரணி. எடை சரி, அளவு சரி, நேரம் சரி.

"குப்பியை எதுக்கு எடுத்துட்டுப் போனீங்க கண்ணு?"

கவிப்பிரியாவின் கை நின்றது.

"எங்கம்மாவுக்குங்க" என்றாள். "பவர் டேபிள் டைலர், மெஷின்ல பனியன் தைக்கறாங்க. ரெண்டு முழங்கையிலயும் படர்தாமரை. பாக்காத டாக்டர் இல்லீங்க. ரெண்டாவது தடவை எடுத்த சாத்துல மிச்சம் இருந்துச்சு. கேட்டா தர மாட்டாங்கன்னு எடுத்துட்டுப் போயிட்டேன்."

"சரியாச்சா?"

"நாலே நாள்ல மறைஞ்சுபோச்சுங்க. ஆனா தோல் வெந்தாப்புல செவந்துருச்சு. இன்னும் எரியுதுன்னு சொல்றாங்க. பயந்து நிறுத்திப்போட்டேன்."

தரணி கண்ணை மூடிக்கொண்டாள். திருடவில்லை என்று நிரூபிக்கத்தான் வந்தாள். திருடினேன் என்று அந்தப் பெண்ணே வாயால் சொல்லிவிட்டாள்.

"சூப்பர்" என்றான் சோணைமுத்து மெதுவாக. "கேஸ் முடிஞ்சிருச்சு. நமக்கு எதிரா."

"அடுத்தது என்னங்க? செய்ங்க" என்றாள் தரணி.

கவிப்பிரியா மேசைக்கு அடியில் கையை விட்டு, ஒரு சாக்கிலிருந்து வெள்ளைத் துணி ஒன்றை உருவினாள். இரண்டாக மடித்து ஜாடியின் வாயில் கட்டி, பச்சைச் சாற்றை அதன் வழியாக வேறு குடுவைக்கு வடித்தாள். இரண்டு நிமிடத்தில் முடிந்தது. துணியைப் பிழிந்து குப்பையில் போட்டாள்.

தரணி குறிப்பேட்டைப் பார்த்தாள். அந்த இடத்தில் ஒரே ஒரு சொல்: 'வடிகட்டப்பட்டது.'

"இதுக்குன்னு தாள் எதுவும் இல்லீங்களா?"

"இருக்குதுங்க. வடிதாள்தான் முறை" என்றார் டேனியல். "ஆனா இந்த இலைச்சாறு வழவழன்னு இருக்கும். தாள் அடைச்சுக்கும். ஒரு லிட்டர் வடியறதுக்குள்ள விடிஞ்சிரும். வேஸ்ட்டுல வடிச்சா வேலை ஆகுது. ஆரம்பத்துல இருந்தே இப்படித்தானுங்க."

ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான். மறுபடியும் முட்டுச்சந்து. வெட்டி மிஞ்சும் பனியன் துணியைத்தான் வேஸ்ட் என்பார்கள்; திருப்பூரில் அது தொடாத வேலை உண்டா? ஒர்க் ஷாப்பில் கிரீஸ் துடைப்பது அது, டீக்கடையில் மேசை துடைப்பது அது, வண்டி துடைப்பது, பாத்திரம் பிடிப்பது, தலையணைக்குள் அடைப்பது எல்லாமே அதுதான். பன்னிரண்டு வருடம் இந்த ஊரில் இருந்த விஞ்ஞானிக்கும் அது ஒரு பொருளாகவே கண்ணில் படவில்லை. வெளியூர்க்காரர் என்றால் முதல் நாளே 'இது என்ன துணி?' என்று கேட்டிருப்பார்.

தரணியும் வெளியூர்க்காரி இல்லை. ஆனால் துப்பறிய வருவதற்கு முன்னால் பதினான்கு வருடம் துணிச் சோதனை மேசையில் நின்றவள். எந்தத் துணி கண்ணில் பட்டாலும் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் தாமாகப் போய் அதைத் தேய்த்துப் பார்க்கும். இப்போதும் போயின.

"சிங்கிள் ஜெர்சி. நூத்தி நாப்பது ஜி.எஸ்.எம். எடை. கொழந்தை பனியன்" என்றாள் தன்னையறியாமல். பிறகு நிமிர்ந்தாள். "எப்பவும் இதே துணிதானுங்களா?"

கவிப்பிரியா விழித்தாள். "அதை ஆருங்க பாப்பாங்க? கட்டிங்ல ஆயம்மாக்கா என்ன குடுக்கறாங்களோ அது."

"சாறு எடுத்தப்பப் போட்டோ புடிச்சிருக்கீங்களா?"

"எல்லாத் தடவையும் எடுத்திருக்கேனுங்க."

ஏழு படங்கள். பின்னால் எடுத்த நான்கில் ஜாடியின் வாயில் கட்டியிருந்தது வெள்ளை. முதல் மூன்றில் சாம்பல் நிறம். தரணி படத்தை விரலால் பெரிதாக்கினாள். சாம்பல் துணியில் பொடிப் பொடியாகத் துளைகள்.

"சோணை, எந்திரிங்க."

"நான் உக்காரவே இல்லையேக்கா. இங்க ஸ்டூல் ஏது?"

*

ஆயம்மாள் கட்டிங் மேசைகளுக்கு அடியில் விழும் துணிகளைக் கூட்டிச் சாக்கில் அடைப்பவள். ஆர்டர்களின் பெயரோ நாட்டின் பெயரோ அவளுக்குத் தெரியாது. துணியைச் சொன்னால் மாதத்தைச் சொல்வாள்.

"அந்தச் சாம்பல் துணீங்களா? ஓட்டப்பந்தயம் ஓடறவங்க போடற பனியனுங்க. வைகாசி, ஆனி ரெண்டு மாசமும் அதுதான் ஓடுச்சு. அப்பறம் கப்பலேறிருச்சு. இப்ப கொழந்தை பனியன்."

"அந்தத் துணியில ஏதாச்சும் வித்தியாசம் இருந்துச்சுங்களா?"

ஆயம்மாள் இரண்டு பக்கமும் பார்த்தாள். "நாத்தமே அடிக்காதுங்க கண்ணு. ஒரு மாசம் தரை தொடைச்சாலும் புளிச்ச வாடை வராது. ஊட்டுல வெச்சுப் பொழங்கலாம்னு ஒரு மூட்டை எடுத்துட்டுப் போயிட்டேன். சாருட்டச் சொல்லிப்போடாதீங்க."

"இந்தக் கம்பெனியில திருடாத ஒரே ஆளு அந்தப் பூஞ்சைதான்" என்றான் சோணைமுத்து.

தரணி சிரிக்கவில்லை. அவள் கட்டிங் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வேர்வைத் துணியில் நாற்றம் வருவது கிருமியால். அது வராமல் இருக்க விளையாட்டு பனியனுக்கென்று சாயப்பட்டறையில் கடைசியாக ஒரு மருந்தில் முக்கி எடுப்பார்கள். 'ஆன்டி-ஓடர் ஃபினிஷ்' என்று ஆர்டர் தாளில் எழுதியிருக்கும். அவளே ஆயிரம் தாளில் டிக் போட்டிருக்கிறாள். கிருமியைக் கொல்வது பூஞ்சையைச் சும்மா விடுமா?

ஒரு மாசத்தில் அமரும் என்றார் மாரப்பன். நாலு நாளில் மறைந்தது, தோல் வெந்தது என்றாள் கவிப்பிரியா. பச்சை இலை யாருடைய தோலையும் வேகவைத்ததாக மாரப்பன் சொல்லவில்லை.

சாறு ஏன் வேலை செய்யாமல் போனது என்று மூன்று நாளாக எல்லோரையும் கேட்டாகிவிட்டது. முதல் மூன்று தடவை ஏன் வேலை செய்தது என்று அவள் ஒருவரையும் கேட்கவில்லை.

திரும்பிப் போய் டேனியலிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. பாதி சொல்லும்போதே புரிந்துகொண்டார். ஜன்னல் விளிம்பில் சாய்ந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஸ்பிரிட் பட்டா துணியில இருக்கற கெமிக்கல் இறங்குமுங்க" என்றார். "தண்ணியா இருந்தா இவ்வளவு இறங்கியிருக்காது. நான் இத்தனை மாசமா..."

"சொன்னாப் பத்தாதுங்க. கதிர்வேல் சாருக்குக் கண்ணுல காட்டோணும்" என்றாள் தரணி.

ஆயம்மாளின் மூட்டையிலிருந்து ஒரு முழம் சாம்பல் துணி வந்தது. நான்கு தட்டுகள் தயாராயின. முதல் தட்டில் வெறும் ஸ்பிரிட். இரண்டாவதில் இலை இல்லாமல் சாம்பல் துணியை மட்டும் நனைத்துப் பிழிந்த ஸ்பிரிட். மூன்றாவதில் அந்தத் துணியில் வடித்த இலைச்சாறு. நான்காவதில் தாளில் வடித்த இலைச்சாறு. அந்தத் தாளில் சாறு சொட்டுச் சொட்டாக வடிவதைப் பார்த்துக்கொண்டே சோணைமுத்து இரண்டு பன் தின்று முடித்தான்.

"எப்பத் தெரியும்?" என்று தரணி கேட்டாள்.

"பூஞ்சை வளர நாலு நாளாகுமுங்க. திங்கக்கெழமை மத்தியானம்."

"வேகமா வளர வைக்க முடியாதுங்களா?"

"முடியாதுங்க."

"உடம்புல மட்டும் நைட்டோட நைட்டா வளருதே" என்றான் சோணைமுத்து.

*

வெள்ளி, சனி, ஞாயிறு. கதிர்வேல் தினமும் ஒரு முறை மரியாதையாகக் கூப்பிட்டு, மரியாதையாகப் புகாரை ஞாபகப்படுத்தினார். கவிப்பிரியா கூப்பிடவே இல்லை. தரணி அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு கல்யாண விசாரணையின் அறிக்கையை நான்கு முறை எழுதி நான்கு முறையும் கிழித்தாள். தன் ஊகம் தப்பாக இருந்தால் அந்தப் பெண் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்காருவாள். சரியாக இருந்தாலும் யாருக்கும் சந்தோஷமில்லை. இந்த மாதிரி வழக்கு அவளுக்கு வந்ததே இல்லை.

திங்கட்கிழமை மத்தியானம் டேனியல் நான்கு தட்டுகளையும் வெளிச்சத்தில் வரிசையாக வைத்தார். மூடி திறக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

முதல் தட்டு முழுக்க வெண்பஞ்சு போலப் பூஞ்சை. இரண்டாவதில், இலையே படாத தட்டில், டீ டம்ளர் வாய் அளவுக்கு வட்டம். மூன்றாவதில் அதே வட்டம். நான்காவதைப் பார்க்க யாரும் குனியவில்லை. கதிர்வேல் உள்ளே வந்துவிட்டார்.

தரணி நின்றுகொண்டே சொல்லி முடித்தாள். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் அமைதியாகக் கேட்டார்.

"அப்பத் திருட்டே இல்லீங்களா?"

"இல்லீங்க. திருடு போறதுக்கு அங்க ஒண்ணுமே இருக்கலீங்க."

"மனசு லேசாச்சுங்க." சட்டைப் பையிலிருந்து புகாரை எடுத்து நான்காகக் கிழித்துக் கீழே போட்டார். கவிப்பிரியா ஐந்து நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டாள்.

"கண்ணு," என்றார் கதிர்வேல் அவளிடம், "இந்த மூணாவது தட்டு நல்லாருக்குதல்ல?"

"சார்?"

"இலை இருக்குது, வட்டமும் இருக்குது. நாளன்னிக்குக் கோயமுத்தூர்க்காரங்க வர்றப்ப இது ஒண்ணை மட்டும் மேசையில வெய்ங்க. மத்ததைக் கழுவிப்போடுங்க. ஆயம்மா ஊட்டுல இருக்கற துணியில ரெண்டு லிட்டர் வடிச்சு வெச்சிருங்க. கேட்டாங்கன்னா குடுக்கோணுமல்ல?"

கவிப்பிரியா மூன்றாவது தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அது மருந்து இல்லீங்க சார். துணிக்குப் போடற கெமிக்கல்" என்றாள் கவிப்பிரியா.

"எதுல செத்தா என்ன கண்ணு? பூஞ்சை சாவுதல்ல?"

"எங்கம்மா கையைப் பாருங்க சார்." கைப்பேசியை நீட்டினாள். கதிர்வேல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நீங்க என்னையக் கூப்புட்டது திருடனைப் புடிக்கத்தானுங்களே" என்றாள் தரணி.

"புடிச்சுக் குடுத்திட்டீங்களே. துணிதான் திருடன். ரொம்ப நன்றிங்க." அவர் கைகூப்பினார். "நீங்க எழுதிக் குடுக்கப் போற ரிப்போர்ட்டு எனக்குத்தானுங்க. என்ற பீரோவுலயே இருக்கட்டும். புள்ளையோட சர்டிபிகேட்டும் பத்தரமா இருக்குது. புதன்கெழமை சாயங்காலம், வந்தவங்க கெளம்பினதும் வந்து வாங்கிக்கட்டும்."

போன வாரம் திருடியதாகச் சொல்லிச் சான்றிதழைத் தர மறுத்தார். இந்த வாரம் திருடவில்லை என்று தெரிந்தும் அதே பீரோ, அதே பூட்டு. உண்மையைக் கண்டுபிடித்து நேராக அவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்தது அவள்தான். வாயில் வந்த வார்த்தைக்கு எந்த 'ங்க'வும் ஒட்டாது என்பதால் அதை விழுங்கினாள்.

கவிப்பிரியா மேசைக்குப் போய்க் குறிப்பேட்டைத் திறந்தாள். எழுதத் தொடங்கினாள். கதிர்வேல் திருப்தியாகத் தலையாட்டினார். அவள் எழுதுவது மூன்றாவது தட்டைப் பற்றித்தான் என்று நினைத்திருப்பார். அவள் எழுதி முடித்து, நோட்டை டேனியலின் பக்கம் தள்ளினாள்.

"கையெழுத்துப் போடுங்க சார்."

டேனியல் படித்தார். தரணியும் அவர் தோளுக்கு மேலாகப் படித்தாள். முதல் மூன்று தடவையும் எந்தத் துணியில் வடித்தார்கள், எந்தத் துணியில் என்ன ஃபினிஷ், நான்கு தட்டுகளின் அளவு. கடைசி வரியில், ஒரு குப்பியை அனுமதி இல்லாமல் வீட்டுக்கு எடுத்துப்போனதையும் அம்மாவின் தோல் வெந்ததையும் எழுதியிருந்தாள்.

அவள் மேல் பழி விழுந்த பிறகு முதல்முறையாக டேனியல் அவள் முகத்தைப் பார்த்தார். பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போட அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

கவிப்பிரியா பக்கத்தைப் படம் பிடித்தாள்.

"ஆருக்குங்க அது?" என்றார் கதிர்வேல்.

"நோட்டுல எழுதற ஒவ்வொரு பக்கமும் அன்னன்னிக்கே கோயமுத்தூர் கம்பெனிக்குப் போகோணும்னு நீங்கதானுங்க சார் ஒத்துக்கிட்டீங்க" என்றாள். "அனுப்பிட்டேனுங்க."

இரண்டு டிக் விழுந்தது. அடுத்த நொடி அது நீலமானது.

கதிர்வேலின் மரியாதை அங்கே முடிந்தது. பேசியது ஒரு நிமிடம் இருக்கும். அதில் 'ங்க' ஒன்றுகூட இல்லை. அவளை அந்த நிமிடமே வேலையை விட்டு நிறுத்தினார். டேனியலை என்ன செய்வது என்று பிறகு யோசிப்பதாகச் சொன்னார். சான்றிதழ் இனிக் கனவிலும் கிடைக்காது என்றார்.

"எந்தக் காரணத்தைச் சொல்லி வெச்சுக்குவீங்க?" என்றாள் தரணி. "புகார் இருந்தாலாச்சும் ஒரு சாக்கு. அதை இத்தனை பேரு முன்னாடி நீங்களேதானுங்க கிழிச்சீங்க."

சோணைமுத்து தரையில் குனிந்து நான்கு துண்டுகளையும் பொறுக்கி, கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக நீட்டினான். "வேணும்னா ஒட்டிக் குடுக்கவாண்ணே? கிழிச்ச தேதியை மட்டும் மேல எழுதிக்கிருவோம்."

கதிர்வேல் அவனைப் பார்த்தார். தரணியைப் பார்த்தார். தொழில் தெரிந்த மனிதர். எதை வைத்துக்கொண்டால் வம்பு என்பது அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை மேசையில் எறிந்துவிட்டு வெளியே போனார். சாவி இரண்டாவது தட்டில் பட்டு, அதன் மூடி உடைந்தது.

*

பஸ் ஸ்டாப்பில் கவிப்பிரியா சான்றிதழ்களை எண்ணிப் பார்த்தாள். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி, டி.சி. எல்லாம் இருந்தன. பிளாஸ்டிக் கவரில் ஒரு மூலையில் கரையான் அரித்திருந்தது. உள்ளே போகவில்லை.

தரணி பக்கத்தில் நின்று மனசுக்குள் கணக்குப் போட்டாள். வழக்கு முடிந்தது. திருடன் இல்லை, மருந்து இல்லை, இந்தப் பெண்ணுக்கு வேலை இல்லை. டேனியலின் இத்தனை மாத உழைப்பும் போயிற்று. அந்தக் கம்பெனியில் நூற்றுக்கணக்கான பேர் இன்னும் சொறிந்துகொண்டுதான் தைக்கிறார்கள்.

"அக்கா, நீங்க நாலாவது தட்டைப் பாத்தீங்களா?" என்றாள் கவிப்பிரியா.

"எது?"

"தாள்ல வடிச்சது. வெறும் இலைச்சாறு. நீங்கெல்லாம் பேசிட்டிருந்தப்ப ஸ்கேல் வெச்சு அளந்தேனுங்க. சொட்டைச் சுத்தி மூணு மில்லிமீட்டர்."

"மூணு மில்லிக்கா இம்புட்டு அலைச்சல்?" என்றான் சோணைமுத்து.

"வெள்ளைத் துணியில எடுத்த நாலு தடவையும் அது இருந்திருக்கும். பெரிய வட்டத்தைத் தேடிட்டு ஆரும் அளக்கலீங்க. இலை கொல்றதில்லை, வளர விடாமத் தடுக்குது. அதுல எது தடுக்குதுன்னு இன்னும் தெரியாது." அவள் கவரின் வாயை மடித்தாள். "வெள்ளிக்கெழமை என்ன ஆராய்ச்சி பண்ணப் போறேன்னு கேப்பாங்க. இதைத்தானுங்க சொல்லப் போறேன்."

டவுன் பஸ் கூட்டத்தோடு வந்தது, நிறுத்தத்தைத் தாண்டித்தான் நின்றது. கவிப்பிரியா சான்றிதழ்களை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள்.